மீன் எதைத் தின்றது, எந்தத் தண்ணீரில் வளர்ந்தது: அமினோ அமிலச் சமதானிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீன் தசையின் அமினோ அமிலங்களில் இருக்கிற சமதானிகளை அளந்து, அது எதைத் தின்று எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று கண்டுபிடிக்கிற முறை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி, யாழ்ப்பாணக் கடனீரேரியில் இறுதியாண்டு ஆய்வு செய்ய நினைக்கும் கம்பஸ் பிள்ளைகளும், மாதிரி எடுக்கக் குளிர்ப்பெட்டியோடு சந்தைக்கு வருபவர்களைக் கண்டு விசாரிக்கும் கடற்றொழிலாளர்களும் கேட்பவற்றை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

சமதானி எண்டால் என்ன? கதிர்வீச்சுச் சாமானோ?

இல்லை. ஒரே மூலகத்தின் அணுக்கள்தான். புரோத்தன் எண்ணிக்கை ஒன்றாகவும் நியூத்திரன் எண்ணிக்கை வேறாகவும் இருந்தால் அவை சமதானிகள் (தமிழகப் பாடநூல்களில் ஐசோடோப்பு). நைதரசனில் 99.6 வீதத்துக்கு மேல் நைதரசன்-14, மிச்சம் 0.37 வீதமளவு நைதரசன்-15. காபனில் 1.1 வீதமளவு காபன்-13. இவை எதுவும் சிதைவதில்லை, கதிர் வீசுவதும் இல்லை. சிதைவது காபன்-14, அதற்கு இங்கே வேலை இல்லை.

பாரமான சமதானி ஒரு பொருளில் எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கிறது என்பதை ஒரு நியமத்தோடு ஒப்பிட்டு, ஆயிரத்துக்கு இத்தனை (‰) என்று எழுதுவார்கள். கீழே 'எண்' என்று நான் சொல்வது இதைத்தான். நைதரசனுக்கு நியமம் காற்றிலுள்ள நைதரசன். காபனுக்கு, அமெரிக்காவின் தென் கரோலைனாவில் பீ டீ படிவில் கிடைத்த ஒரு புதைபடிவத்தில் தொடங்கிய அளவுகோல். கணவாய்க்கு உறவான, எப்போதோ அழிந்துபோன பெலம்னைற்று என்ற உயிரியின் எச்சம் அது.

மீன்ரை வயித்தைக் கீறிப் பார்த்தால் என்ன தின்டது எண்டு தெரியாதோ?

தெரியும், ஆனால் கடைசியாகத் தின்றது மட்டும். அதிலும் இறால் ஓடும் நண்டுக் காலும் நெடுநேரம் கிடக்கும். மென்மையான புழு, சேறு, அல்கா (பாசி) எல்லாம் கொஞ்ச நேரத்தில் கரைந்துவிடும். விடியப்புறம் களங்கட்டி என்ற கட்டுவலையில் இருந்து எடுத்த மீனுக்கு வயிறு வெறுமையாகவே இருப்பதும் உண்டு. இரவெல்லாம் வலைக்குள் நின்ற மீன் அது. அல்லது வலைக்குள் தன்னோடு அகப்பட்டதைத் தின்று உங்களை ஏமாற்றியிருக்கும்.

தசை அப்படியல்ல. கிழமைக்கணக்காக, மாதக்கணக்காகத் தின்றதெல்லாம் சேர்ந்துதான் தசை. அதனால்தான் வயிற்றை விட்டுத் தசைக்குப் போகிறோம். வயிற்றை எறிந்துவிடச் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்தால் நல்லது.

சரி, தசையை அப்பிடியே எரிச்சு அளக்கலாம்தானே? அமினோ அமிலமாப் பிரிச்சு ஏன் காசைக் கொட்டுவான்?

இந்தப் பக்கத்தில் இதுதான் முக்கியமான கேள்வி. நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

தசையை முழுதாக அளக்கும் முறை பழையது, மலிவானது, இன்றும் பயன்படுவது. தின்னப்பட்டதிலிருந்து தின்றதற்கு, ஒரு போசணை மட்டம் (உணவுச் சங்கிலியில் ஒரு படி) ஏறும்போது நைதரசன்-15 சராசரியாக 3.4‰ கூடுகிறது. அப்படியானால் ஒரு மீனின் எண்ணைக் கண்டு அது எத்தனையாவது படியில் நிற்கிறது என்று சொல்லிவிடலாம் போல இருக்கும். ஆனால் படிக்கட்டின் அடித்தளம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் படியை எண்ண முடியாது.

யாழ்ப்பாணத்தில் அந்த அடித்தளம் இடத்துக்கிடம் மாறக்கூடியது. குடாநாட்டுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். தோட்டத்துப் பசளையும் மலசலகூடக் குழிகளின் கழிவும் அதற்கூடாக இறங்கி நிலத்தடி நீரை அடைகின்றன. குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று, குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டியிருப்பது பல காலமாகப் பேசப்படுகிற விசயம். அந்த நிலத்தடி நீர் நிலத்தோடு நின்றுவிடுவதில்லை. கீரிமலைக் கேணியில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறுவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

செயற்கைப் பசளை நைதரசனின் அளவு 0‰ பக்கம் இருக்கும். மனிதக் கழிவிலிருந்தும் எருவிலிருந்தும் வருவது 10‰, சில வேளை 20‰ கூட. இதற்கு மேல், ஒட்சிசன் இல்லாத சேற்றில் பற்றீரியா நைத்திரேற்றை வாயுவாக்கி வெளியேற்றும்போது இலேசான நைதரசன் முதலில் போய்விட, மிஞ்சுகிற நைத்திரேற்று இன்னும் பாரமாகிறது. எதிர்ப்பக்கம், காற்றிலிருந்து நைதரசனைப் பதிக்கிற நீலப்பச்சை அல்காக்கள் அடித்தளத்தை 0‰ பக்கம் இழுக்கும்.

இப்போது யாழ் நகரை ஒட்டிய பண்ணைப் பாலத்தடியில் பிடித்த ஒரு மீனின் எண் தீவுப்பக்கத்து மீனைவிட 3.4‰ கூட என்று வையுங்கள். அது ஒரு படி மேலே நிற்கிற மீனா, கழிவு கலந்த தண்ணீரில் வளர்ந்த மீனா? முழுத்தசை எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எவராலும் சொல்ல முடியாது. அடித்தளத்தைத் தனியாக அளக்கலாம்தான். ஆனால் பிளாந்தன் (தண்ணீரில் மிதக்கிற நுண்ணுயிர்கள்) இன்றைக்கு ஒன்று, மாரி மழை கொட்டிய பிறகு வேறொன்று. மீனின் தசையோ பல மாதத்துச் சராசரி.

ஒடியற்கூழைக் குடித்துப் பார்த்தால் உறைப்பும் புளிப்பும் மொத்தமாகத்தான் தெரியும். நண்டு எது, பயித்தங்காய் எது என்று அறிய அகப்பையால் துழாவி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். தசைப் புரதத்தை, அது கட்டப்பட்ட கற்களான அமினோ அமிலங்களாகப் பிரிப்பது அந்தத் துழாவல்தான். ஒரே மீனின் ஒரே துண்டுத் தசையிலிருந்து அடித்தளமும் படியும் தனித்தனியாக வந்துவிடுகின்றன. காசு இதற்குத்தான்.

அது எப்பிடி ஒரே தசைக்குள்ளை ரண்டு கதை இருக்கும்?

அமினோ அமிலங்கள் உடலுக்குள் ஒரே மாதிரி நடத்தப்படுவதில்லை. குளுட்டாமிக் அமிலம் உடலின் நைதரசன் கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்பது. அதன் காபன்–நைதரசன் பிணைப்பு ஓயாமல் உடைந்து மறுபடி கட்டப்படும். நைதரசன்-14 உள்ள பிணைப்பு சற்று இலகுவாக உடைவதால் இலேசானது அமோனியாவாக வெளியேறிவிடும், பாரமானது தங்கும். ஆகவே ஒவ்வொரு படிக்கும் 7‰, 8‰ என்று பாய்ந்து ஏறுகிறது.

பினைல்அலனின் வேறு மாதிரி. விலங்குடலில் அதற்கு நடக்கும் முதல் வேலை, வளையத்தில் ஓர் ஒட்சிசன் சேர்ந்து தைரோசின் ஆவது. அதில் நைதரசன் பிணைப்புத் தொடப்படுவதே இல்லை. அதனால் படிக்கு அரை ‰ கூட ஏறாது. உணவு வலையின் அடியில் அல்கா எந்த எண்ணோடு அதைச் செய்ததோ, கிட்டத்தட்ட அதே எண்ணோடு சுறாவின் தசை வரை வந்து சேரும்.

இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு மக்லெல்லண்டும் மொண்டோயாவும் 2002இல் வெளியிட்டது: அல்காவைத் தின்னக் கொடுத்து வளர்த்த ரொட்டிஃபர் என்ற நுண்ணிய விலங்கில் செய்தது. 2007இல் பொப்பும் கூட்டாளிகளும் கிழக்குப் பசிபிக்கின் மஞ்சட்துடுப்புச் சூரையில் இதைப் பயன்படுத்தினார்கள். இடத்துக்கிடம் சூரைகளின் முழுத்தசை எண் மாறியது. அமினோ அமிலங்களைப் பார்த்தபோது மாறியது சூரையின் சாப்பாட்டுப் படி அல்ல, தண்ணீரின் அடித்தளம் என்று தெரிந்தது. அடித்தளத்தைச் சொல்பவற்றை 'மூல' அமினோ அமிலங்கள் என்றும் (பினைல்அலனின், மெதியோனின், லைசின்), படியைச் சொல்பவற்றைப் 'போசணை' அமினோ அமிலங்கள் என்றும் (குளுட்டாமிக், அஸ்பாற்றிக், அலனின், லூசின், வலின், புரோலின்) இன்று பிரிக்கிறார்கள். கிளைசினும் செரினும் ஆளுக்காள் ஆய்வுக்காய்வு பக்கம் மாறும். திரியோனின் இன்னும் விசித்திரம்: படி ஏற ஏற அதன் எண் இறங்கும்.

கணக்கை ஒருக்காச் செய்து காட்டுங்கோ.

சிக்கரைசியும் கூட்டாளிகளும் 2009இல் தந்த சூத்திரம் இது: குளுட்டாமிக் எண்ணிலிருந்து பினைல்அலனின் எண்ணைக் கழியுங்கள், 3.4ஐக் கழியுங்கள், வருவதை 7.6ஆல் வகுத்து 1ஐக் கூட்டுங்கள். 3.4 என்பது அல்காவிலேயே இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிற வித்தியாசம். 7.6 ஒரு படிக்கான ஏற்றம். கூட்டுகிற 1, அல்கா நிற்கிற முதலாம் படி.

கைக்கணக்குக்காக இரண்டு பாரை மீன்களை நானே கற்பனை செய்கிறேன். தீவுப்பக்கத்துப் பாரை: குளுட்டாமிக் 26.4, பினைல்அலனின் 4.0. வித்தியாசம் 22.4, அதில் 3.4 போக 19.0, வகுத்தால் 2.5, ஒன்றைக் கூட்ட 3.5. நகரக் கரையோரப் பாரை: 29.5, 7.5. வித்தியாசம் 22.0, பிறகு 18.6, வகுத்தால் 2.45, கூட்ட ஏறக்குறைய 3.4. முழுத்தசையில் இரண்டும் ஒரு படி தள்ளித் தெரிந்திருக்கும். இங்கே இரண்டும் ஒரே படி. வேறானது பினைல்அலனின், அதாவது தண்ணீர்.

அந்த 7.6, 3.4 எல்லாம் எங்கையும் பொருந்துமோ?

பொருந்தாது. இந்த முறையைப் பழகுகிறவர்கள் சறுக்குகிற இடமும் இதுதான். சூத்திரத்தை எக்செலில் போட்டுவிட்டால் எந்த மீனுக்கும் ஒரு எண் வரத்தான் செய்யும்.

முதலில் 3.4. அது அல்காவுக்கு உரியது. கண்டல் போன்ற மரங்கள், தமக்கு உறுதி தருகிற லிக்னினைக் கட்டுவதற்குப் பினைல்அலனினைப் பெருமளவில் செலவழிக்கின்றன. அதனால் அவற்றில் எஞ்சும் பினைல்அலனின் பாரமாகிவிடுகிறது. இத்தகைய தரைத்தாவரங்களுக்கு 3.4ஐக் கழிப்பதற்குப் பதில் 8.4ஐக் கூட்ட வேண்டும். உதிர்ந்த கண்டல் இலையையே தின்று வாழ்கிற ஒரு நண்டை எடுங்கள். அது நேர்மையான இரண்டாம் படிக்காரர். அதன் குளுட்டாமிக், பினைல்அலனினைவிட 0.8 குறைவாக இருக்கும். அல்காச் சூத்திரத்தில் போட்டால் 0.4 வரும், அதாவது நண்டு இலையைவிடக் கீழே! இப்படிப்பட்ட எண் கண்ணில் குத்தும், பிடித்துவிடலாம். ஆபத்து, பாதி கண்டலும் பாதி அல்காவும் தின்றது. அதற்கு எண் நம்பக்கூடிய மாதிரியே வரும், பிழையாக இருக்கும். கடற்புல்லும் (எங்கள் பக்கத்துச் சாதாளை) பூக்கிற தாவரம்தான், அல்கா அல்ல. சாதாளைக்குள்ளேயே கிடக்கிற ஓரா மீனுக்கு 3.4ஐ அப்படியே போடுகிறவரிடம் காரணம் கேட்க வேண்டும்.

பிறகு 7.6. பல விலங்குகளின் சராசரி அது. பின்னால் வந்த ஆய்வுகள், முக்கியமாகப் பெரிய ஊனுண்ணி மீன்களில், அதைவிடக் குறைவாகக் கண்டன. தின்பவரின் புரதத் தேவைக்கு ஏற்ற நல்ல சாப்பாடு கிடைத்தால் ஏற்றம் குறையும். நைதரசனை எப்படி வெளியேற்றுகிறது என்பதும் மாற்றும்: யூரியாவை உடலில் தேக்கிவைக்கிற சுறா, திருக்கைக்கு 7.6ஐப் போட்டால் படி உண்மையைவிடக் கீழே வரும். சுறாப்புட்டு அவிக்கிறவர்களுக்கு அந்த யூரியாவைத் தெரியும்; கொஞ்சம் பழுதான சுறாவில் மூக்கில் ஏறுகிற நெடி, பற்றீரியா யூரியாவை உடைத்து வருகிற அமோனியா.

காபனை ஏன் விட்டிட்டியள்?

விடவில்லை. சாப்பாடு எங்கே தொடங்கியது என்று கேட்கக் காபன்தான். எங்கள் பரவைக்கடலில் மூன்று பெரிய தொடக்கங்கள்: தண்ணீரில் மிதக்கிற பிளாந்தன், அடியில் சாதாளை, கரையில் கண்டல். முழுதாக அளந்தால் சாதாளை –10‰ பக்கம், கண்டல் –28‰ பக்கம், பிளாந்தன் –20‰ பக்கம். பாதி சாதாளையும் பாதி கண்டலும் சேர்ந்தால் –19‰. பார்த்தால் பிளாந்தன் தின்ற மாதிரி! ஆழமில்லாத கடனீரேரி எதிலும் இந்தப் பொறி இருக்கிறது.

இங்கேயும் அமினோ அமிலங்கள் கைகொடுக்கும். லூசின், ஐசோலூசின், வலின், லைசின், பினைல்அலனின், திரியோனின் போன்றவற்றின் காபன் எலும்புக்கூட்டை விலங்குகளால் செய்ய முடியாது. சாப்பாட்டிலிருந்து அப்படியே எடுக்க வேண்டும். பற்றீரியா, பங்கசு, அல்கா, உயர் தாவரம் ஒவ்வொன்றும் இவற்றைத் தன் வழியில் செய்வதால், ஆறேழு எண்களும் ஒன்றுக்கொன்று நிற்கிற கோலம் கைரேகை போல அமைகிறது. லார்சனும் கூட்டாளிகளும் 2009இலிருந்து இதை வளர்த்தெடுத்தார்கள். பெருங்குழுக்களை நன்றாகப் பிரிக்கும். ஒரே குழுவுக்குள் இந்தப் புல்லா அந்த மரமா என்று கேட்டால் திணறக்கூடும். இங்கேயே பிடுங்கிய சாதாளையையும் கண்டலையும் அளந்து ஒப்பிட வேண்டும்.

அட்டைப் பண்ணைக்காரருக்கு இதால பிரயோசனம் இருக்கோ?

இருக்கிறது. வெள்ளை அட்டை என்கிற கடலட்டை மண்ணை விழுங்கி, அதிலுள்ள சேதனப் பொருளை (உயிர்களின் மிச்சத்தை) எடுத்துக்கொண்டு மண்ணை வெளியே விடும். அந்தச் சேதனப் பொருள் அழுகிய சாதாளையா, மண்ணின் மேல் படர்கிற நுண்ணல்காவா, அல்லது இவற்றையெல்லாம் மறுபடி தின்று கட்டிய பற்றீரியாவா? வயிற்றைப் பார்த்தால் மண்தான் தெரியும். முழு எண்ணும் குழப்பும். பற்றீரியா, பழைய புரதத்தை உடைத்துப் புதிதாகக் கட்டும்போது போசணை அமினோ அமிலங்களின் எண்களைச் சீரில்லாமல் சிதறடிக்கிறது. அந்தச் சிதறலையே ஓர் அளவாக எடுக்கலாம். காபன் கைரேகையும் சேர்ந்தால் பதில் வரும். ஒரு வேலிக்குள் எத்தனை அட்டை தாங்கும் என்ற சண்டையில், அவை எதைத் தின்று வளர்கின்றன என்று முதலில் தெரிந்திருப்பது நல்லதுதானே.

இந்திய ட்ரோலர் பிடிச்ச மீனோ, எங்கடை ஆக்கள் பிடிச்ச மீனோ எண்டு சொல்லுமோ?

சொல்லாது. 1974இல் பாக்கு நீரிணையில் இரண்டு அரசுகளும் கீறிய கோடு தண்ணீருக்கும் தெரியாது, மீனுக்கும் தெரியாது. அடித்தள எண் தெளிவாக வேறாக இருக்கிற இரண்டு நீர்ப்பரப்புகளுக்கு இடையில்தான் இது பேசும். கடனீரேரிக்குள் வளர்ந்ததா, வெளிக்கடலில் வளர்ந்ததா என்பதைச் சிலவேளை பிரிக்கலாம்.

இந்த மீன் சாப்பிட நல்லதோ எண்டு தெரியுமோ?

தெரியாது. இரசம், ஈயம், பற்றீரியா எல்லாம் வேறு பரிசோதனை. ஆனால் இரசத்தை அளந்த அதே மீனின் போசணை மட்டமும் தெரிந்தால், படி ஏற ஏற இரசம் எவ்வளவு சேர்கிறது என்று கணிக்கலாம்.

மாதிரி எடுக்கிறது எப்பிடி?

குருநகர், பாசையூர்ப் பக்கம் விடிய வள்ளம் கரைக்கு வரும்போது போய் நில்லுங்கள். எந்த இடத்தில், எந்த வலையில் பிடித்தது என்று ஏலம் தொடங்க முதல் கேட்டு எழுதுங்கள். கூடை மாறினால் பிறகு ஒருவருக்கும் ஞாபகம் இராது. நீளத்தை அளந்து, முதுகுத் துடுப்புக்குக் கீழே தோலை நீக்கி வெள்ளைத் தசையில் ஒரு சுண்டுவிரல் நுனியளவு வெட்டினால் தாராளம். சிவப்புத் தசை, முள், செதில் கலக்க வேண்டாம். ஐஸில் வைத்துக் கொண்டுபோய் உடனே ஆழ்குளிரூட்டியில் போடுங்கள். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதை முதல் நாளே யோசித்துவிடுங்கள். பிறகு உறைவித்து உலர்த்தி மாவாக இடித்தால், ஈரப்பதம் படாமல் சிறு குப்பியில் நெடுநாள் இருக்கும். கடைசியில் தேவைப்படுவது சில மில்லிகிராம்தான்.

காலத்தையும் பாருங்கள். தை மாதம் பிடித்த மீனின் தசையில் இருப்பது பெரும்பாலும் மாரிக் கதை. சோளகக் காலத்தைப் பற்றி அறிய விரும்பினால் காத்திருக்க வேண்டும், அல்லது விரைவாகப் புதுப்பிக்கப்படுகிற ஈரலை எடுக்க வேண்டும்.

கருவாட்டிலை செய்யலாமோ?

உப்பைக் கழுவிவிட்டால், அழுகாமல் காய்ந்த கருவாடு முற்றாகப் பயனற்றது அல்ல. ஆனால் புது மீன் கிடைக்கிற ஊரில் ஏன் இந்த வில்லங்கம்?

ஆய்வகத்திலை என்ன நடக்கும்?

மாவைச் செறிந்த ஐதரோகுளோரிக் அமிலத்தில் இட்டு, மூடி, 110 பாகை செல்சியசில் ஏறக்குறைய 20 மணித்தியாலம் வைப்பார்கள். புரதம் அமினோ அமிலங்களாக உடையும். திரவம் தேநீர் நிறத்திலிருந்து கறுப்பு வரை போகும். இந்தக் கட்டத்தில் திரிப்தோபன் அழிந்துவிடும். குளுட்டமின் குளுட்டாமிக் அமிலமாகிவிடும், ஆகவே நாம் 'குளுட்டாமிக்' என்பது உண்மையில் இரண்டும் சேர்ந்தது.

அமினோ அமிலம் தானாக ஆவியாகாது. வாயு நிறப்பகுப்பிக்குள் போகச் செய்ய, அதன் இரு முனைகளிலும் வேறு அணுக்கூட்டங்களை ஒட்டி ஆவியாகும் சேர்வையாக மாற்ற வேண்டும். பிறகு நீண்ட மெல்லிய குழாய்க்கூடாக ஒவ்வொன்றும் தன் நேரத்துக்கு வெளியே வரும். வருவது உடனே 1000 பாகையளவு சூட்டில் எரிந்து, நைதரசன் வாயுவாகித் திணிவு நிறமாலைமானிக்குள் போகும். கூட வருகிற காபனீரொட்சைட்டைத் திரவ நைதரசனில் உறையவைத்து நிறுத்துவார்கள். திரையில் அலனின் முதலில் தலைகாட்டும். குளுட்டாமிக் உயரமாக எழும். அதற்குப் பக்கத்தில் குட்டையாக நிற்கும் பினைல்அலனின். முழுக் கணக்கும் தொங்குவது அந்தக் குட்டை முகட்டில். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி வந்தால் அந்த ஓட்டத்தை எறிய வேண்டியதுதான். ஒரே மாதிரியை மூன்று முறை ஓட்டுவது வழக்கம், அப்படியும் 0.5‰ முதல் 1‰ வரை தளம்பும். காபனை அளப்பதென்றால் ஒட்டிய கூட்டத்தின் காபனையும் கணக்கில் கழிக்க வேண்டும்.

பழைய காலத்துக் கடலைப் பற்றி ஏதும் சொல்லுமோ?

சொல்லும், புரதம் எஞ்சியிருந்தால். ஹவாய்க்கு அருகே ஆழ்கடற் பவளங்களின் புரதக்கூட்டைப் படை படையாக அளந்து 2014இல் வெளியான ஆய்வு, 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அங்கே நைதரசன் பதிப்புக் கூடிவருகிறது என்றது. யப்பானில் பழைய மனித எலும்பின் புரதமான கொலாஜனில் கடல்மீன் பங்கையும் தரையுணவுப் பங்கையும் பிரித்திருக்கிறார்கள். ஆனைக்கோட்டைப் பெருங்கற்கால அடக்கங்கள் போன்றவற்றின் எலும்பிலும் இதைக் கேட்க ஆசைதான். எங்கள் வெக்கையில் கொலாஜன் நிலைப்பது அரிது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இறுதியாண்டு ஆய்வுக்கு இதை எடுக்கலாமோ?

தனியாக எடுக்காதீர்கள். நிறைய மாதிரிகளை முதலில் முழுத்தசையாக அளக்கச் செய்யுங்கள்; செலவு தாங்கும். எந்த எண்கள் இரண்டு விதமாகவும் விளக்கப்படக்கூடியனவோ, அந்தச் சிலவற்றை மட்டும் அமினோ அமிலத்துக்கு அனுப்புங்கள். ஓரா, பாரை, ஒரு நண்டு, கூடவே ஒரே இடத்தில் அசையாமல் இருக்கிற மட்டி; இந்த நாலும் நகரக் கரையில் ஒரு தொகுதி, தீவுப்பக்கத்தில் ஒரு தொகுதி என்றால் நல்ல கேள்வி ஒன்றுக்குப் போதும். வெளிநாட்டு ஆய்வகத்தோடு முதலே பேசி, எந்த நியமப் பொருள், எத்தனை ஓட்டம், பினைல்அலனின் முகட்டை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். பாதுகாக்கப்பட்ட இனமா என்று பார்த்து, மாதிரியை அனுப்புவதற்கான அனுமதியை ஆய்வு தொடங்க முதலே கேளுங்கள். கடிதம் வரச் சுணங்கும். மட்டியை மறக்காதீர்கள். எல்லாரும் பெரிய மீனைத்தான் கொண்டுவருகிறார்கள், அடித்தளத்தைச் சரிபார்க்க ஒன்றும் இருப்பதில்லை.